மலையகப் பாதைகளில் கெப் வண்டிக் கேம்பர்: எது உழைக்கிறது, எது முதலில் பழுதாகிறது

டபள் கெப் வண்டியின் பின்பெட்டிக்குள் இறக்கி வைக்கும் கேம்பர் ஒன்று எங்களிடம் இருக்கிறது என்று அறிந்தவுடன் பலரும் கேட்பது அதன் விலையை அன்று, "நம்ம ரோட்டுக்கு இது தாங்குமா?" என்றுதான் கேட்கிறார்கள். மிகச் சரியான கேள்வி. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, விளக்குகள் என ஓர் அறைக்குரிய அனைத்தையும் வண்டியின் முதுகில் ஏற்றிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளும் கல் பெயர்ந்த தோட்டப் பாதைகளும் விடாத மழையும் உள்ள இலங்கை மலையகத்தில் திரியும்போது, அந்த அறை ஒவ்வொரு கிலோமீற்றரிலும் முறுக்கப்படுகிறது, குலுக்கப்படுகிறது, நனைகிறது. கொட்டகலையில் இருந்துகொண்டு சில ஆண்டுகளாக இதைப் பாவித்ததிலும், ஹட்டன், வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் இத்தகைய பெட்டிகளை வைத்திருப்பவர்களோடு பேசியதிலும் எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்று உண்டு. மலையகத்தில் ஒரு கேம்பர் உழைக்குமா என்பதை இரண்டு விடயங்கள் தீர்மானிக்கின்றன: அது எவ்வளவு பாரம் குறைந்தது என்பதும், பழுதானால் நம் ஊர் பாஸ் (திருத்துவேலைக்காரர்) ஒருவரால் கையிலிருக்கும் பொருட்களைக் கொண்டு அதைத் திருத்த முடியுமா என்பதும். தயாரித்த நிறுவனத்தின் பெயரும், உள்ளே உள்ள வசதிகளின் பட்டியலும் இவற்றுக்குப் பின்னால்தான் வருகின்றன.

இந்த வகைப் பெட்டிகள் வட அமெரிக்காவில் வளர்ந்தவை. லான்ஸ் நிறுவனம் 1965 முதலும், கூரையை மேலே உயர்த்தும் பெட்டிகளுக்குப் பெயர்பெற்ற ஃபோர் வீல் கேம்பர்ஸ் 1972 முதலும் அவற்றைச் செய்து வருகின்றன. அங்கே இவற்றைச் சுமப்பவை ஃபோர்ட் எஃப்-250, எஃப்-350 போன்ற பெரிய வண்டிகள். முழு வசதிகளும் கடினச் சுவர்களும் உள்ள பெட்டி ஒன்று, வெறும் பெட்டியாகவே 1,000 கிலோவைத் தாண்டுவது அங்கே சாதாரணம். நம்மிடம் இருப்பவையோ ஹைலக்ஸ், எல்200, டி-மெக்ஸ், நவாரா போன்ற நடுத்தர வண்டிகள். அவற்றின் சுமைதாங்கும் எல்லை, வகையையும் ஆண்டையும் பொறுத்துக் கூடிக் குறைந்தாலும், ஏறக்குறைய ஒரு தொன் அளவிலேயே நிற்கிறது. அந்த ஒரு தொன்னுக்குள் பெட்டி மட்டுமன்றி, ஓட்டுநரும் குடும்பத்தினரும் அவர்களது பைகளும் அடக்கம் என்பதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு சாதாரணக் கணக்கைப் பார்ப்போம். பெட்டி 450 கிலோ. தண்ணீர் 60 லீற்றர், அதாவது 60 கிலோ. 100 அம்பியர் மணி ஈய அமில பெட்டரி ஒன்று ஏறக்குறைய 30 கிலோ. சிறிய காஸ் சிலிண்டரும் அடுப்பும் 20 கிலோ. நான்கு பேர் 280 கிலோ. சாப்பாட்டுச் சாமான், பாத்திரம், போர்வை 50 கிலோ. எல்லாம் சேர்ந்து 890 கிலோ. எவரும் ஆடம்பரமாக எதையும் ஏற்றவில்லை. ஆனாலும் வண்டி தன் எல்லையை நெருங்கிவிட்டது. இதன்மேல் ஒரு கூரைத் தட்டும், அதன்மேல் ஒரு கூடாரமும், பின்பக்கத்தில் ஓர் உதிரிச் சக்கரமும் ஏறினால் அந்த வண்டி பாதையில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அளவுக்கு மீறிய சுமையோடுதான் ஓடுகிறது. ஸ்பிரிங் பட்டை தளர்ந்தது, ஷொக் அப்சோபர் எண்ணெய் கசிந்தது, டயரின் பக்கச் சுவர் வீங்கியது என்று உரிமையாளர்கள் சொல்லும் பழுதுகளில் பெரும்பகுதி உண்மையில் கேம்பரின் பழுதோ வண்டியின் பழுதோ அன்று, எடையின் பழுது.

எடை எவ்வளவு என்பதைப் போலவே அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். டபள் கெப்பில் இரண்டு வரிசை இருக்கைகள் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், ஒன்றரை மீற்றர் அளவான பின்பெட்டியின் கணிசமான பகுதி பின்னச்சுக்கு மேலும் அதற்குப் பின்னாலும் அமைந்துவிடுகிறது. ஹைலக்ஸின் இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரம் 3,085 மில்லிமீற்றர். பின்னச்சிலிருந்து ஒரு மீற்றர் பின்னால் 100 கிலோவை வைத்தால், பின்னச்சின் மேல் ஏறுவது 132 கிலோ. முன்னச்சிலிருந்து 32 கிலோ குறைந்துவிடும். தண்ணீர்த் தாங்கியையும் பெட்டரியையும் கதவுக்கு அருகில், பின்னோரத்தில் வைத்துக் கட்டிய பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அத்தகைய வண்டி, மழையில் நனைந்த இறம்பொடை வளைவுகளில் ஸ்டியரிங் திருப்பியபோது முன் சக்கரங்கள் சொற்படி கேட்கவில்லை என்று அதன் உரிமையாளர் சொன்னதில் வியப்பில்லை. முன் டயர்களைத் தரையோடு அழுத்தவேண்டிய பாரம் அங்கே இல்லை.

அவுஸ்திரேலியாவில் இதே வகை வண்டிகள் பலவற்றின் செசி, அதாவது அடிச்சட்டம், வளைந்துபோன கதை வாகனத் துறையினருக்கு நன்கு தெரிந்தது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுமை, அதன்மேல் கரடுமுரடான பாதை, பின்பக்கம் தாழ்வதை மறைப்பதற்காக ஸ்பிரிங் பட்டைகளுக்கு மேல் பொருத்தப்பட்ட காற்றுப் பைகள் ஆகிய மூன்றும் சேரும்போது, ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் பகிர்ந்திருக்கவேண்டிய பாரம் செசியின் நடுப்பகுதியில் ஒரே இடத்தில் இறங்குகிறது. முன் அறைக்கும் பின்பெட்டிக்கும் இடையிலான இடத்தில் செசி மடிகிறது. பின்பக்கம் தாழ்கிறது என்றவுடன் காற்றுப் பை போடச் சொல்லும் ஆலோசனை நம்மூரிலும் கேட்கிறது. தாழ்வதை நிமிர்த்திக் காட்டுவதால் எடை குறைந்துவிடாது. ஸ்பிரிங் கடையில் தகுந்த பட்டை ஒன்றைக் கூட்டிப் போடுவது அதைவிட நல்ல வழி. சுமையைக் குறைப்பது எல்லாவற்றிலும் நல்ல வழி. அமெரிக்காவில், கேம்பர் சுமக்கத் தகுதியான வண்டியை விற்கும் தயாரிப்பாளர், அது தாங்கும் சுமையளவையும், கேம்பரின் எடைமையம் பின்பெட்டிக்குள் எந்த எல்லைக்குள் விழவேண்டும் என்பதையும் வாங்குபவருக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும் என்று விதி உண்டு. நாம் பெட்டி கட்டுவிக்கும்போது அந்த வேலையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்: பெட்டியின் எடைமையம் பின்னச்சுக்குச் சற்று முன்னால் விழும்படி, தண்ணீரும் பெட்டரியும் முன் சுவரை ஒட்டி, தரைமட்டத்தில் இருக்கவேண்டும்.

எடை தன் முழு வலிமையையும் காட்டுவது ஏற்றத்தில் அன்று, இறக்கத்தில். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு வரும்போது ஏறக்குறைய 1,400 மீற்றர் இறங்குகிறோம். 2,800 கிலோ எடையுள்ள வண்டி ஒன்று அவ்வளவு உயரம் இறங்குகையில் வெளிவிடும் சக்தி 38 மெகாஜூல் அளவு. ஒரு லீற்றர் டீசலை முழுவதும் எரித்தால் கிடைக்கும் வெப்பத்துக்கு அது ஏறக்குறைய ஈடு. அந்தச் சக்தியில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ள, எஞ்சியதை எஞ்சின் தாங்கவேண்டும், அல்லது பிரேக் தாங்கவேண்டும். ஹைலக்ஸ் போன்ற வண்டிகள் பலவற்றில் பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக்தான் இருக்கிறது. சூடேறினால் டிரம் விரிந்து, கட்டைக்கும் அதற்கும் இடையிலான தூரம் கூடுகிறது. கந்தப்பொலையிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் மரக்கறி ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாகப் பேலியகொடைக்கு இறங்கும் லொறிச் சாரதிகள் இதை நன்றாக அறிந்தவர்கள். ஏறிய கியரில்தான் இறங்கவேண்டும் என்பது அவர்களது விதி. கேம்பர் ஏற்றிய வண்டியும் ஒரு லொறிதான் என்று மனத்தில் கொள்பவர்களின் பிரேக் கட்டைகள் நீண்ட காலம் உழைக்கின்றன. உல்லாசப் பயணத்துக்கான கார் என்று நினைத்து ஓட்டுபவர்களின் சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வருகிறது.

பிரேக் எண்ணெயைப் பற்றியும் இங்கே சொல்லியாகவேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 3 வகை எண்ணெய்க்கு, புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும் என்பது தரவிதி. ஈரம் உறிஞ்சிய பின் அதே எண்ணெய்க்கு அந்த எல்லை 140 பாகை. டொட் 4 இல் அவை 230 உம் 155 உம். நம் ஈரக் காற்றில், பல ஆண்டுகள் மாற்றாத எண்ணெயோடு, பாரம் நிறைந்த வண்டியை ஹக்கலையிலிருந்து வெலிமடைக்கு இறக்கும்போது எண்ணெய் கொதித்து ஆவியானால் பிரேக் மிதி தரைவரை போய்விடும். 2025 ஆம் ஆண்டில் மட்டும் கொத்மலை கெரண்டியெல்லயிலும், எல்ல - வெல்லவாய பாதையிலும் பேருந்துகள் பள்ளத்தில் வீழ்ந்து எத்தனை உயிர்கள் போயின என்பதை மலையகத்தில் எவருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. நம் இறக்கங்கள் பாரமான வண்டிகளுக்கு எவ்வளவு கொடியவை என்பதை அறிந்துகொண்டே ஒருவர் கேம்பர் வாங்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் எண்ணெயை மாற்றுவது, கேம்பருக்கு வாங்கும் எந்த அலங்காரப் பொருளையும்விட மலிவானது.

இனி மழை. உரிமையாளர்களின் அனுபவம் எல்லாம் வந்து முடிவது இங்கேதான். அமெரிக்காவில் கேட்டாலும் ஹட்டனில் கேட்டாலும், கேம்பரை முதலில் கொல்வது தண்ணீர் என்றே சொல்வார்கள். ஆனால் நம் மழைக்கு ஒரு தனி முகம் உண்டு. மலையின் மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வட்டவளையில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். அதே மாதங்களில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் மழை மறைவில் இருக்க, காய்ந்த கச்சான் காற்று அடித்து வீசும். ஊவாத் தேயிலைக்கு மணம் சேர்ப்பது அந்தக் காற்றுதான். பின்னர் ஆண்டின் கடைசியில் வடகீழ்ப் பருவமழை ஊவாப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஹட்டன் பக்கத்துக் கேம்பர் மாதக்கணக்கில் காயாமலே நிற்பதால் கெடுகிறது. பண்டாரவளைக் கேம்பர் முதலில் வெயிலிலும் காற்றிலும் காய்ந்து, அடைப்புப் பசைகள் வெடித்து, பிறகு மழையைச் சந்திப்பதால் கெடுகிறது. இரண்டாவது வகைதான் அதிகம் ஏமாற்றும். ஆடி, ஆவணியில் பார்க்கும்போது பெட்டி சுத்தமாக இருக்கும். வெடிப்பு எங்கே என்பது கார்த்திகை மழையில்தான் தெரியவரும்.

தண்ணீர் பெட்டியின் பரந்த சுவர் வழியாக உள்ளே வருவதில்லை. கூரையும் சுவரும் சேரும் மூலை, காற்றுப்போக்கியைப் பொருத்திய ஓட்டை, ஓர விளக்குகளின் திருகாணி, ஜன்னல் சட்டம், சோலார் தட்டின் வயர் இறங்கும் இடம் ஆகிய இணைப்புகள் வழியாகவே வருகிறது. அந்த இணைப்புகள் ஏன் திறந்துகொள்கின்றன என்பதற்கு ஒரு காரணம் குலுக்கம், மற்றது வெப்பம். அலுமினியம் ஒரு மீற்றருக்கு, ஒரு பாகைக்கு, 23 மைக்ரோமீற்றர் விரியும். இரவில் 10 பாகையில் இருந்த கூரைத் தகடு மதிய வெயிலில் 50 பாகைக்குச் சூடானால், 2.4 மீற்றர் நீளக் கூரை 2 மில்லிமீற்றருக்கு மேல் நீள்கிறது. அதனோடு இணைந்த பலகையோ அவ்வளவு நீள்வதில்லை. நாள்தோறும் இவ்வாறு நீண்டு சுருங்கும் இணைப்பில், இறுகிப்போகும் பசை எதுவும் நிற்காது. நெகிழ்ந்துகொடுக்கும் பொலியூரித்தேன் பசையோ, தகடுகளுக்கு இடையில் வைத்து இறுக்கும் பியூட்டைல் பட்டியோ வேண்டும். நம் ஹாட்வெயார் கடைகளில் எளிதாகக் கிடைப்பது சிலிக்கன். அது குளியலறைத் தொட்டிக்கு நல்லது. கேம்பர் கூரைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஏனெனில் அது உரிந்த பிறகு, அந்த இடத்தில் அதன் மெல்லிய படலம் தங்கிவிடுகிறது. அதன்மேல் புதிய சிலிக்கன் உட்பட வேறெதுவும் சரியாக ஒட்டாது. எங்கள் பெட்டியின் முன்மூலைக் கசிவைத் திருத்த வந்த பாஸ், மேலால் ஒரு பூச்சுப் பூசிவிட்டால் போதாதா என்று கேட்டதற்குச் சொன்ன பதில் இது: "சேர், மேல பூசினா இன்னைக்கு நிக்கும். அடுத்த மழைக்குத் திரும்ப என்கிட்டதான் வருவீங்க. எல்லாத்தையும் உரிச்சிட்டுச் செய்வோம்." உரித்தே செய்தார். அந்த மூலை இன்றுவரை காய்ந்திருக்கிறது.

கசிவின் கொடுமை, அது வெளியே தெரிவதற்கு வெகு முன்பே உள்ளே வேலையை முடித்துவிடுவதுதான். உள்ளே மரச்சட்டமும் வெளியே தகடும் உள்ள பெட்டிகளில், தண்ணீர் சட்டத்துக்குள் இறங்கி, அடியில் தங்கி, மரத்தை உளுத்துப்போகச் செய்கிறது. சிப்போட் பலகையில் அலுமாரி கட்டியவர்கள் ஒரே மழைக்காலத்தில் அது பாணைப்போல ஊறிப் பருப்பதைக் கண்டிருக்கிறார்கள். கொதிநீரைத் தாங்கும் பசையால் ஒட்டிய கடற்கலப் பலகை (மரைன் பிளைவுட்) விலை கூடியதுதான். ஆயினும் தரைக்கும் மூலைகளுக்கும் அதைப் பாவித்த பெட்டிகளே பல மழைக்காலங்களைத் தாண்டி நிற்கின்றன. முழு அலுமினியச் சட்டம் உளுக்காது. ஆனால் அது குளிரை நேராக உள்ளே கடத்திவிடும். இரண்டு பேர் ஓர் இரவில் மூச்சாலும் வியர்வையாலும் வெளிவிடும் ஈரம் அரை லீற்றருக்கு மேல் இருக்கும். அம்பேவலையிலோ சீதா எலியவிலோ இரவு தங்கினால், அவ்வளவும் அந்தச் சட்டங்களில் வியர்த்துச் சொட்டும். கூரை கசிகிறது என்று பதறி வந்து, பின்னர் அது தம் மூச்சின் ஈரமே என்று அறிந்துகொண்ட உரிமையாளர்கள் பலர். எதிரெதிரான இரண்டு காற்றுவழிகளைக் குளிரிலும் விரலளவு திறந்து வைப்பதும், மெத்தையின் அடியில் பலகைச் சட்டம் வைத்துக் காற்று புகவிடுவதும் அதற்குப் போதிய மருந்து.

இணைப்பு குறையக் குறையக் கசிவும் குறையும் என்ற எண்ணத்தில்தான் கனடாவில் நோர்தன் லைட், பிக்ஃபுட் போன்ற பெட்டிகள் ஃபைபர்கிளாசில் மேல் கீழ் என இரண்டே துண்டுகளாக வார்க்கப்படுகின்றன. நீண்டகாலம் உழைப்பதில் அவற்றுக்குள்ள நற்பெயர் நியாயமானது. நம் நாட்டிலும் கரையோரத்தில் ஃபைபர்கிளாஸ் படகு செய்யும் கைகள் நிறைய இருக்கின்றன. மலையில் ஒரு பிளவு ஏற்பட்டாலும் பிசினும் நாரும் வாங்கி ஒரு டின்கரிங் கடையில் ஒட்டிவிடலாம். எனக்குத் தெரிந்தவற்றுள் மிகக் குறைந்த தொல்லை தந்த பெட்டி, கடற்கரைப் பக்கத்தில் வார்த்து எடுத்துவந்து இங்கே உட்புற வேலை செய்த ஒன்றுதான். அதன் உரிமையாளர் பொகவந்தலாவையைச் சேர்ந்தவர். ஆடி மழையிலும் அதை வெளியிலேயே நிறுத்துகிறார். இருந்தும் கூரையிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டுத் தறப்பாள் ஒன்றைக் கட்டியே வைத்திருக்கிறார். நான் எல்லோருக்கும் சொல்வதும் அதுவே.

கூரையை மேலே உயர்த்தும் பெட்டிகளைப் பற்றி என் மதிப்பீடு அவ்வளவு உயர்வாக இல்லை. ஓடும்போது உயரம் குறைவு, காற்றின் தாக்கம் குறைவு, எடைமையம் தாழ்வு என்று அவற்றுக்குள்ள நன்மைகள் உண்மையானவை. ஹப்புத்தளைக் கணவாயில் காற்று அடிக்கும்போது அந்த நன்மையை உணரலாம். ஆனால் அவற்றின் துணிச்சுவர் காயவேண்டும், நம் மேற்குச் சரிவில் அது காய்வதில்லை. ஈரத்தோடு மடித்தால் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடிக்கிறது. வெளிநாட்டிலிருந்து பழையதாக வந்த அத்தகைய பெட்டி ஒன்றை வைத்திருக்கும் வெலிமடை நண்பர், பூஞ்சணத்தோடு போராடி முடிக்கும் முன்பே குரங்குகள் ஹக்கலையில் துணியைக் கிழித்துவிட்டன. கூரையைத் தாங்கும் வாயுக் குழாய்கள் குளிரில் வலு குறைவதையும் அவர் கண்டார்: உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு இறங்குவதால், கொழும்பின் 30 பாகையில் கூரையைத் தாங்கும் குழாய், நுவரெலியாவின் 10 பாகையில் ஆறேழு சதவீத வலுவை இழந்துவிடும். எல்லையில் நிற்கும் குழாய்க்கு அது போதும், கூரை மெல்ல இறங்க. அதே அளவுக் குழாய் இங்கே கிடைக்காததால், வேனின் பின்கதவுக்குரிய குழாயைத் தேடி எடுத்து, பிடிப்புகளை வெட்டி ஒட்டித்தான் சரிசெய்தார். துணிச்சுவரை ஒரு தையற்காரர் கூடாரத் துணியில் தைத்துக் கொடுத்தார். திருத்த முடிந்தது என்பதாலேயே அந்தப் பெட்டி இன்றும் ஓடுகிறது.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்ட நாட்டில், திருத்தக்கூடிய தன்மை என்பது வெறும் மேலதிக நன்மையன்று, அடிப்படைத் தேவை. நம்மிடம் உள்ள டபள் கெப்களில் பெரும்பாலானவை ஏற்கனவே வயதானவை; அவற்றின் செசியில் துரு இருக்கலாம், பின்பெட்டியின் தகடு மெலிந்திருக்கலாம். அதன் மேல் ஏற்றும் பெட்டி, உள்ளூரில் கிடைக்கும் பிணைச்சல், பூட்டு, ரப்பர் பட்டி, 12 வோல்ட் விளக்கு, லொறி வயர் ஆகியவற்றால் ஆனதாக இருந்தால், ஹட்டன் பஜாரிலோ பதுளையிலோ ஒரு முற்பகலில் பழுதைத் தீர்த்துக்கொண்டு புறப்படலாம். இறக்குமதியான தனிவகைக் கதவுப் பூட்டு உடைந்ததால் மாதக்கணக்கில் கயிறு கட்டி ஓடிய ஒருவரை எனக்குத் தெரியும்.

பெட்டியை வண்டியோடு பிணைக்கும் முறையில் ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். பின்பெட்டியின் தகட்டு விளிம்பில் கொக்கி மாட்டி இறுக்கினால், தோட்டப் பாதையில் வண்டி முறுகும்போது அந்தத் தகடு கிழியும். பிணைப்பு செசிவரை இறங்கவேண்டும். இறுக்கும் திருகில் ஒரு ஸ்பிரிங் இருந்து சற்று விட்டுக்கொடுக்க வேண்டும். முன் அறையும் பின்பெட்டியும் செசியின் மேல் தனித்தனியே அசைபவை என்பதால், முன் அறையின் கூரைக்கு மேல் நீளும் படுக்கைப் பகுதி அதைத் தொடாமல் நான்கு விரல் இடைவெளியாவது இருக்கவேண்டும். பெட்டியை வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்துவதாயின், வேலையைத் தொடங்கும் முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

மின்சாரமும் குளிரூட்டியும் நினைப்பதைவிடக் குறைவாகவே தொல்லை தருகின்றன, அளவோடு இருந்தால். காஸில் இயங்கும் உறிஞ்சல் வகைக் குளிரூட்டி சமதளத்தில் நிற்கவேண்டும். நம் ஊரில் சமதளத்தைத் தேடுவது எவ்வளவு சிரமம் என்பது தெரிந்ததே. ஆகையால் 12 வோல்ட் கொம்பிரசர் வகையே பொருத்தம். மூடுபனியில் சோலார் தட்டு தன் எழுதிய அளவில் ஒரு சிறுபங்கையே தரும் என்பதால், எஞ்சின் ஓடும்போது ஏறும் மின்னேற்றத்தை நம்பியே கணக்குப் போடவேண்டும். ஈய அமில பெட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கிப் பாவிப்பவர்கள் அதை அடிக்கடி மாற்றுகிறார்கள். காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் வைக்கும் இடத்தின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை கட்டாயம் வேண்டும். குளிருக்காக அடுப்பையோ கரிச் சட்டியையோ மூடிய பெட்டிக்குள் எரியவிட்டு உறங்குவது உயிரைப் பறிக்கும். எரிவதிலிருந்து வரும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இதில் எவரும் துணிந்து பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணியில் வண்டியை நிறுத்தி, முதியவர்களைப் பெட்டிக்குள் உறங்கவைத்துவிட்டு இளையவர்கள் மலையேறும் குடும்பங்களையும், பிள்ளைகளோடு காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் விடுமுறையைக் கழிப்பவர்களையும் பார்க்கும்போது, இந்தப் பெட்டி நம் மக்களுக்கு உரியதுதான் என்று முழுமனத்தோடு நம்புகிறேன். விடுதிக்கு ஓர் இரவுக்குக் கொடுக்கும் பணம் இல்லாத வீடுகளுக்கும் பயணம் உரியதாகவேண்டும். அதனால்தான் இதன் உறுதியைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறேன்.

பழைய பெட்டி ஒன்றை வாங்கப் போகிறவர்கள் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய்ப் பாருங்கள். உள்ளே ஏறியதும் கண்ணுக்கு முன் மூக்கை நம்புங்கள். புழுங்கிய மரத்தின் வாடை வந்தால், புதுப் பூச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் கசிவு இருக்கிறது. தரையின் நான்கு மூலைகளையும், ஜன்னலுக்குக் கீழேயுள்ள சுவரையும், படுக்கைப் பகுதியின் முன்னோரத்தையும் பெருவிரலால் அழுத்துங்கள். பலகை உள்ளே அமுங்கினால் விலை பேசவேண்டாம். கூரையில் ஏறிச் சிலிக்கன் பூச்சு அடுக்கடுக்காக இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியோடு சேர்த்து வாங்குவதாயின், முன் அறைக்கும் பின்பெட்டிக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று அளவுநாடாவால் அளந்து பாருங்கள். மேலே அகன்று கீழே குறுகியிருந்தால் செசி வளைந்திருக்கக் கூடும். கடைசியாக, விற்பவர் சொல்லும் எடையை ஏற்றுக்கொள்ளாமல், லொறிகளை நிறுக்கும் பாலத் தராசுக்கு வண்டியை எடுத்துச் சென்று, முன்னச்சையும் பின்னச்சையும் தனித்தனியே நிறுத்துத் தரும்படி கேளுங்கள். அந்த நிறுவைச் சீட்டு கையில் இல்லாமல் எந்தப் பெட்டிக்கும் நான் முற்பணம் கொடுக்க மாட்டேன்.